கிள்ளானில் வளைவரை எண்ணியது

மலேசியாவுக்குப் போகிறேன் என்றதும் திருச்சியில் எங்கள் தெருவே கோடாலித் தைலத்துக்குச் சொல்லிவைத்தது. எதற்குப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று. கோலாலம்பூரில் கணிதக்காரர்கள் கூடும் ஒரு கருத்தரங்கில் எங்கள் தேற்றத்தைச் சொல்லப் போகிறேன் என்றால், போகும்போதே ஒரு பாட்டில் தைலம் கொண்டுபோ என்றிருப்பார்கள்.

விமான நிலையத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் காரோட்டி வந்தவர் தமிழர். காதில் கடுக்கன், கண்ணாடியில் முருகன், வண்டிக்குள் மார்கழிக் குளிர். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் அலுக்காமல் வந்துகொண்டிருந்தன.

"அங்கிள், ஹாலிடேயா, பிஸினஸா?"

"கணக்கு சம்பந்தமா ஒரு மீட்டிங் தம்பி."

"என்னா கணக்கு?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இருபது வருடமாகக் கல்லூரியில் பேசியே பிழைத்தவனிடம் கேள்வி கேட்டால் விடுவானா? மெதுவடைக்கு ஒரு துளை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். வடையை நசுக்கலாம், ஒரு பக்கம் தடிப்பாகத் தட்டலாம், துளையை விரிக்கலாம். எத்தனை விதமாக வடை தட்ட முடியுமோ, ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு புள்ளி வைத்து ஒரு பெரிய படம் போட்டால் அதற்கு மாடுலி வெளி என்று பெயர். அந்த வெளிக்கே சொந்தமாகத் துளைகள் உண்டு. எந்தெந்தப் படியில் எத்தனை துளை என்று கணக்குப் பார்ப்பதுதான் கோஹோமாலஜி. எங்கள் ஆராய்ச்சி மூன்று துளை உள்ள வடைகளைப் பற்றியது. வடை என்பதை வளைவரை என்று மாற்றிக்கொண்டால் சரி. வளைவரைமேல் சில புள்ளிகளும் குறித்திருக்கும். அந்த வெளியில் ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு படியில் ஒரு துளை இருக்கிறது என்று நாங்கள் நிரூபித்திருந்தோம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "இதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா அங்கிள்?"

"குடுக்குறாங்க."

"அப்ப நல்ல வேலைதான் லா," என்றார்.

நாங்கள் என்றது என்னையும் கஸ்தூரியையும். கஸ்தூரி கிள்ளான்காரி. சென்னையில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள். முதல் நாளிலிருந்து என்னை அண்ணே என்பாள், அந்த உரிமையில் கண்டபடி திட்டவும் செய்வாள். படிப்பு முடிந்து ஊர் திரும்பி, சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளமா மாணவர்களுக்குக் கால்குலஸ் நடத்துகிறாள். ஆராய்ச்சிக்கென்று அங்கே ஒரு மணி நேரம்கூடத் தரமாட்டார்கள். வாரம் முழுக்கக் கத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் செய்த வேலைதான் எங்கள் தேற்றத்தின் முக்கால் பங்கு. எனக்கு வேறு கட்டுரைகள் இருக்கின்றன. அவளுக்கு இது முதல் தேற்றம்.

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸில் ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தேன். நம்மூர்ப் பரோட்டாவுக்குச் சித்தி மகன் மாதிரி, மெலிசாக, பிய்த்தால் பிரிந்துகொடுத்தது. சால்னாவுக்குப் பதில் பருப்பும், சம்பால் என்கிற மிளகாய் விழுதும் கொடுத்தார்கள். முதலில் மனம் ஒப்பவில்லை. இரண்டாவது ரொட்டி சொல்லும்போது ஒப்பிவிட்டது. எதிரே பிரேசில்காரர் தியாகோ வந்து உட்கார்ந்தார். அதே கருத்தரங்குக்கு வந்தவர், இந்தத் துறையில் பெரிய கை, எங்கள் கட்டுரையை முன்கூட்டியே வாங்கிப் படித்திருந்தார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"உங்கள் கட்டுரையில் ஒரு கோட்டுப்படம் இருக்கிறதே, எல்லாமே அதை நம்பித்தானே நிற்கிறது?"

"ஆமாம்."

"அது பூஜ்யம் என்று நினைக்கிறேன்."

பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன். விஷயம் இதுதான். அந்த மாடுலி வெளியின் துளைகளைக் கோடுகளும் கணுக்களும் உள்ள சின்னச் சின்னப் படங்களை வைத்துக் கணக்கிடலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறி உண்டு, ப்ளஸ் அல்லது மைனஸ். எங்கள் படத்தை இடவலமாகத் திருப்பினால் அதே படம்தான் திரும்ப வரும். திருப்பும்போது குறி மாறாவிட்டால் படம் பிழைக்கும். மாறினால், அந்தப் படம் தனக்குத்தானே எதிர்மறை என்றாகிவிடும். தனக்குத்தானே எதிர்மறையாக இருக்க பூஜ்யத்தால் மட்டும்தான் முடியும். குறி மாறவில்லை என்பது எங்கள் கட்சி. மாறுகிறது என்று காகிதக் கைக்குட்டையில் அவர் போட்டுக் காட்டினார்.

"நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம்," என்றேன். இது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சேர்ந்து எழுதுகிறவர்கள் குறிகளை மட்டும் தனித்தனியே கணக்கிட வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. நான் திருச்சியில் போட்டேன், அவள் கிள்ளானில் போட்டாள். இரண்டும் பொருந்தியபோது தொலைபேசியிலேயே கும்மாளம் போட்டோம்.

"நீங்கள் யாரிடம் படித்தீர்கள்?"

"சென்னையில் எங்கள் பேராசிரியரிடம்."

"உங்களோடு சேர்ந்து எழுதியவர்?"

"அதே பேராசிரியரிடம்தான்."

தியாகோ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அப்படியானால் இரண்டு பேர் சரிபார்க்கவில்லை. ஒரே ஆள் இரண்டு முறை போட்டிருக்கிறார்," என்றார்.

சுருக்கென்றது. குறி வைப்பதற்கு உலகத்தில் பல முறைகள் இருக்கின்றன. சிலர் கோடுகளுக்கு வரிசை கொடுப்பார்கள். சிலர் கணுக்களுக்கு வரிசை கொடுத்துக் கோடுகளுக்குத் திசை போடுவார்கள். எங்கள் பேராசிரியருக்கென்று ஒரு முறை. எங்கள் இரண்டு பேர் கையும் அந்த ஒரே முறையில் பழகிய கை. அவர் முறையில் எங்காவது ஓட்டை இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே அதில் விழுந்திருப்போம். இத்தனை வருடத்தில் எங்களுக்கு இது தோன்றவே இல்லை.

கஸ்தூரிக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருந்து வெளியே வந்து பேசினாள். விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "அண்ணே, இது பூஜ்யம்னா நான் இதோட விட்டுர்றேன். சும்மா சொல்லல. ஞாயித்துக்கிழமையாவது மத்தவங்க மாதிரி பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்குறேன், தூங்குறேன்."

"ஏய், அப்படிப் பேசாதே."

"நாளைக்கு நான் லீவு. நீங்க கிள்ளானுக்கு வாங்க. பேசிக்கலாம்."

எங்கள் உரை நாளை மறுநாள். எனக்கு அவமானம் மட்டும்தான் மிச்சமாகும், அதைத் துடைத்துப் போட்டுவிடலாம். அவளுக்கு அப்படியில்லை. அன்று மதியம் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டேன். ரசத்தில் ருசி இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் ரசத்தின் ருசியை மறந்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் கிள்ளானுக்குக் கம்யூட்டர் ரயில். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் காகிதம் வைத்து அந்தப் படத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பெண்களாகவே இருந்தார்கள். மலேசியாவில் பெண்கள் நிறைய வேலைக்குப் போகிறார்கள் என்று மகிழ்ந்தேன். தலையில் துணி போர்த்திய ஒரு மலாய் அம்மாள் என் தோளைத் தொடாமல் தொட்டு, கதவில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி மலாயில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள்: "இது பொம்பளைங்க பெட்டி அங்கிள். அந்த அக்கா சொல்றாங்க, நீங்க எழுதி முடிச்சிட்டுப் போனாப் போதுமாம்." பெட்டி முழுக்கச் சிரித்தது. காகிதங்களை அள்ளிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடினேன்.

ஓடியவன் அங்கேயும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். சுபாங் ஜெயா, ஷா ஆலம் எல்லாம் காதில் விழுந்தன. கிள்ளான் விழவில்லை. தலை நிமிர்ந்தபோது ரயில் நின்றுவிட்டிருந்தது, பெட்டியில் ஆளில்லை. போர்ட் கிள்ளான். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. வெளியே உப்புக்காற்று, தூரத்தில் கிரேன்கள், வரிசையாக லாரிகள். மானாமதுரையில் இறங்க வேண்டியவன் ராமேஸ்வரத்தில் முழிப்பது மாதிரி நின்றேன்.

போன் செய்ததும் கஸ்தூரி காரில் வந்து இறங்கினாள். பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. நரை வந்திருந்தது, கோபம் அப்படியே இருந்தது. "கடல் இல்லன்னா இந்தோனேசியா வரைக்கும் போயிருப்பீங்க, இல்லண்ணே?"

"குறி ஒத்து வருதான்னு பார்த்துக்கிட்டு..."

"குறி போட்டதெல்லாம் போதும். நீங்க போட்டாலும் நான் போட்டாலும் வாத்தியார் போட்ட மாதிரிதான் வரும். அந்த ஆளு சொன்னது அதானே? ப்ளஸ் மைனஸே இல்லாத வழியில போவோம். எண்ணுவோம்."

எண்ணுவது என்றால் இதுதான். ஒரு எண்ணும் இல்லாமல் கணிதம் செய்ய முடியாது. ஆனால் இரண்டே இரண்டு எண்களை வைத்துக்கொண்டு செய்யலாம். பூஜ்யமும் ஒன்றும் மட்டும் இருக்கிற உலகத்தில் மூன்று துளை வளைவரைகளின் எண்ணிக்கைக்கு முடிவு உண்டு. உட்கார்ந்து எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கைக்கும் மாடுலி வெளியின் துளைகளுக்கும் கறாரான உறவு இருக்கிறது. மற்றத் துளைகள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. எங்கள் துளை நிஜமானால் மொத்தம் ஒரு எண் வரவேண்டும். எங்கள் துளை அந்த உறவில் ஒன்றைக் குறைக்கிற வகை; தியாகோ சொல்வது சரியென்றால் அது இல்லை, ஒன்று கூடுதலாக வரவேண்டும். ஒரே ஒரு ஒன்றுதான் வித்தியாசம். எண்ணப்போவது கணினி. எனக்குக் கணினியைக் கண்டால் ஆகாது, முகத்தைச் சுளித்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் நாங்கள் குசுகுசுவென்றுதான் பேச வேண்டியிருந்தது. அவள் கணவர் முருகேசு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ராத்திரி ஷிஃப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சண்டையைக் குசுகுசுவென்று போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வளைவரைகளைச் சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. ஒரு வளைவரைக்குத் தன்னைத்தானே பொருத்திக்கொள்ள எத்தனை வழி உண்டோ, அத்தனையால் வகுத்துத்தான் கூட்ட வேண்டும். இரண்டு வழி இருந்தால் அரை, ஆறு வழி இருந்தால் ஆறில் ஒன்று. இப்படி அரையும் காலும் அரைக்காலுமாகக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் மொத்தம் முழு எண்ணாகத்தான் வரும். எத்தனையோ முறை வகுப்பில் நிரூபித்திருக்கிறேன். இன்றும் எனக்கு அது ஒரு அதிசயம்தான்.

கஸ்தூரி எழுதி வைத்திருந்த ப்ரோக்ராமை ஓட விட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவிலிருந்து வாங்கி வந்திருந்த மீன் கறிச் சோற்றைப் பிரித்தோம். கறியில் நம்மூர்ப் புளி இருந்தது, கூடவே வெண்டைக்காயும் கிடந்தது. சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் விடை திரையில் வந்து நின்றது.

முழு எண் வரவில்லை. அரை வந்தது. அதுவும் எப்படி? எங்கள் எண்ணுக்கும் தியாகோவின் எண்ணுக்கும் நட்டநடுவில்.

"என்னாண்ணே இது?" என்றாள் கஸ்தூரி. குரல் உடைந்திருந்தது.

எங்கோ தப்பு என்பது நிச்சயம். ஒரு வளைவரையை விட்டிருந்தால் அரையைக் கூட்ட வேண்டும், தியாகோ ஜெயித்துவிடுவார். ஒரு வளைவரையை இரண்டு தடவை எண்ணியிருந்தால் அரையைக் கழிக்க வேண்டும், நாங்கள் ஜெயித்துவிடுவோம்.

விட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இந்தக் குட்டி உலகத்தில் சில வளைவரைகளுக்கு அச்சுப்போல ஒரு இரட்டை உண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தவற விடுவது எண்ணுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. கஸ்தூரி ஒவ்வொரு ஜோடியாகத் தேடினாள். நான் ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் சமயபுரத்தாளைக் கூப்பிட்டேன். நாத்திகம் பேசுவதெல்லாம் கல்லூரி ஆசிரியர் அறையோடு சரி. எல்லா இரட்டைகளும் இருந்தன. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"அப்ப ரெண்டு தடவை எண்ணியிருக்கோம்," என்றேன்.

"ப்ரோக்ராம் அதை வடிகட்டிருச்சுண்ணே."

"எப்படி வடிகட்டிச்சு?"

சமன்பாட்டில் x இருக்கும் இடத்தில் வேறு சிலவற்றைப் போட்டு, வந்தது ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் தள்ளிவிடும்படி எழுதியிருந்தாள். எதையெல்லாம் போட்டாய் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஒரு வகை வளைவரைகளுக்கு மட்டும் x-க்குப் பதில் x+1 போட்டுப் பார்க்கும் வரி இல்லை. வெறும் x+1. பள்ளிக்கூடத்துப் பையன் போடுகிற மாற்று.

அந்த வகையில் சந்தேகப்பட வேண்டிய ஒரு ஜோடி இருந்தது. நான் கணினியைத் தள்ளிவைத்துவிட்டு, மீன் கறி வந்த பையைக் கிழித்துப் பின்பக்கத்தில் கையாலேயே போட்டேன். இரண்டே எண்கள் உள்ள உலகத்தில் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யம். சமன்பாட்டின் உறுப்புகள் ஜோடி ஜோடியாக அடித்துக்கொண்டு போயின. முதல் சமன்பாடு உரு மாறி, எழுத்து விடாமல், இரண்டாவது சமன்பாடாக வந்து நின்றது. ஒரே ஆள் இரண்டு பெயரில் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறான்!

அரை கழிந்தது. முழு எண். எங்கள் எண்.

கஸ்தூரி வீடே அதிரக் கத்தினாள். நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். முருகேசு சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "என்னா, பாம்பா?"

"முழு எண்ணு மாமா! முழு எண்ணு வந்துருச்சு!"

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லது. அப்ப நான் தூங்கலாமா?" என்றார். என்னைக் கேட்டால் மலேசியாவில் நான் சந்தித்த மிகப் பெரிய மனிதர் அவர்தான்.

ஒரு உலகம் போதாது, தற்செயலாகவும் பொருந்தியிருக்கலாம் என்று கஸ்தூரி பிடிவாதம் பிடித்தாள். திருத்திய ப்ரோக்ராமை மூன்று எண்கள் உள்ள உலகத்துக்கு ஓட விட்டாள். அது பெரிய வேலை, கணினி மெதுவாக மென்றது. மறுநாள் உரைக்குக் கிளம்பும்போதுதான் விடை வந்தது. நான் பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதியில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். "நம்மளதுதான்ணே," என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். கண் கலங்கிவிட்டது, மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் மாட்டிக்கொண்டேன்.

நிகழ்ச்சி நிரலில் என் பெயர்தான் அச்சாகியிருந்தது. நான் மேடையேறி, "இதை எண்ணியவர் பேசுவார்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். கிள்ளானிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருந்த கஸ்தூரி என்னை முறைத்தாள். பிறகு சாக்பீஸை எடுத்தாள். டிப்ளமா வகுப்பில் பழகிய குரல், கடைசி வரிசைக்கு ஒலிபெருக்கி இல்லாமலே போய்ச் சேர்ந்தது. கோட்டுப்படம், குறி, நாங்கள் இருவரும் ஒரே ஆளிடம் படித்த கதை எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்த இடத்தில் அரங்கம் சிரித்தது. எல்லோருக்கும் ஒரு வாத்தியார் இருக்கிறாரே. பிறகு இரண்டு எண்ணிக்கைகளையும் பலகையில் எழுதி, கீழே அடிக்கோடிட்டாள்.

முதல் வரிசையில் தியாகோ அவர் முறையில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கணுக்களுக்கு வரிசை, கோடுகளுக்குத் திசை. படத்தைத் திருப்பினார். நடுவில் இருக்கும் ஒரு கோடு திருப்பும்போது தலைகீழாகிறது, அதன் திசை மாறுகிறது. அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். எழுந்து நின்றார்.

"கேள்வி இல்லை," என்றார். "ஒரு கோட்டின் திசையை நான் மறந்துவிட்டேன். உங்கள் படம் பூஜ்யம் இல்லை. இந்த வாரம் முழுக்க இங்கே கேட்டதில் இதுதான் சிறந்த தேற்றம்."

கைதட்டல் எழுந்தது. எத்தனையோ கருத்தரங்குகளில் கடமைக்குத் தட்டியிருக்கிறேன், தட்டியும் வாங்கியிருக்கிறேன். இது அந்த வகை அல்ல. பின்வரிசையில் சில மாணவிகள் எழுந்து நின்றே தட்டினார்கள். கஸ்தூரி சாக்பீஸ் தூளோடு முகத்தைத் துடைக்க, கன்னம் முழுக்க வெள்ளை. எனக்கு இருந்த பெருமைக்கு நானே அந்தத் தேற்றத்தைப் பெற்றவன் மாதிரி சுற்றிலும் பார்த்துத் தலையாட்டினேன்.

வெயில் தாழ்ந்ததும் மூன்று பேரும் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். தியாகோ இலையில் கையாலேயே பிசைந்து வெளுத்துக் கட்டினார். "அடுத்து நான்கு துளை. ஆனால் அது மிகப் பெரிய எண்ணிக்கை, ஆரம்பிக்கவே பல மாதம் யோசிக்க வேண்டும்," என்றார்.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் கஸ்தூரி ஆங்கிலத்தில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "ப்ரோக்ராம் ஓடிக்கிட்டு இருக்கு."

நான் சோற்றை விட்டு நிமிர்ந்தேன். "எப்ப ஆரம்பிச்சே? மத்தியானம் கைதட்டினதுக்கு அப்புறமா?"

"இல்லண்ணே. நீங்க போன் பண்ணி, இது பூஜ்யம்னு அந்த ஆளு சொல்றாருன்னு சொன்னீங்களே, அன்னைக்கு."

"அன்னைக்கு நீ விட்டுர்றேன்னு சொன்னியே!"

"சொன்னேன்தான்," என்றாள். "சொல்லிட்டு என்னா செய்யறது, பொழுது போகணும்ல." பரிமாறுகிறவரைக் கை காட்டிக் கூப்பிட்டாள். "பாஸ், இன்னும் கொஞ்சம் சோறு."